.315 போல்ட் துப்பாக்கி: எவ்வளவு தூரம் நம்பலாம்?

போல்ட் துப்பாக்கி எவ்வளவு தூரத்துக்குப் பயன்படும் என்பதை அதில் ஏறும் தோட்டாதான் முடிவு செய்கிறது. குழலின் நீளம், கட்டையின் வேலைப்பாடு, தொலைநோக்கியின் விலை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இந்தியாவில் உரிமம் பெற்ற ஒருவர் கடையில் புதிதாக வாங்கக்கூடிய போல்ட் துப்பாக்கிகளில் பரவலாகக் கிடைப்பது அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளின் .315. அதன் தோட்டா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்காக உருவான 8 மி.மீ. மான்லிக்கர். 15.8 கிராம் எடையுள்ள, மொண்ணை மூக்குக் குண்டு. குழல் வாயில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 620 மீட்டர்.

அந்தத் தோட்டா இங்கே வேரூன்றியதற்குக் காரணம் சட்டம். இராணுவத் தோட்டாக்கள் பொதுமக்கள் கையில் புழங்குவதை பிரிட்டிஷ் ஆட்சி விரும்பவில்லை; .303 வேட்டைக்காரர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் .303 படைத் துப்பாக்கியின் அதே லீ வகைப் போல்ட்டில், இந்தியப் படை பயன்படுத்தாத .315 தோட்டாவைப் பொருத்தி விற்றது. விடுதலைக்குப் பின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதே வடிவத்தைத் தொடர்ந்தது. .303 இன்றும் தடைசெய்யப்பட்ட அளவுதான். .315, .30-06 ஆகிய தோட்டா அளவுகள் தடையில்லாதவை. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டதால், மவுசர், ரிக்பி போன்றவை பழைய உரிமையாளர்களிடமிருந்து கைமாறி வந்தால்தான் உண்டு. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

கையில் எடுத்தால் .315 நல்ல துப்பாக்கி. லீ போல்ட்டின் கைப்பிடி குறைந்த கோணமே எழும்புகிறது. சுடுபவர் தோளிலிருந்து கட்டையை எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம். போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது சுருள்வில் விறைப்பதால் அந்த இறுதித் தள்ளலில் சிறு எதிர்ப்பு இருக்கும். மவுசர் பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தும். விசை இரண்டு நிலைகளில் இயங்குகிறது. முதல் இழுப்பு இலேசு, இரண்டாவது கனம். சேறும் தூசியும் படிந்தாலும் போல்ட் திணறாமல் ஓடுவது இதன் பெரிய பலம்.

பலவீனமும் அதே போல்ட்டில்தான் இருக்கிறது. லீ அமைப்பில் பூட்டும் பற்கள் போல்ட்டின் பின்பகுதியில் உள்ளன. தோட்டா வெடிக்கும்போது போல்ட் முழு நீளத்துக்கும் அழுத்தம் தாங்கி நுண்ணளவில் வளைந்து கொடுக்கிறது. மவுசர் 98-இல் இரண்டு பெரிய பற்கள் தோட்டாவுக்கு நேர் பின்னாலேயே பூட்டுகின்றன. பாதுகாப்புக்கு மூன்றாவது பல் ஒன்று பின்னால் இருக்கிறது. அகன்ற நகம் போன்ற பிடிப்பான் தோட்டாவைப் பெட்டியிலிருந்து கிளம்பும்போதே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் மிகுந்த தோட்டாக்களுக்கும் நீண்ட தூரத் துல்லியத்துக்கும் மவுசர் வழிவந்த அமைப்பே மேல். .315-இன் மிதமான அழுத்தத்துக்கு லீ போதும்.

இனி தூரம். 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த .315-இன் குண்டு 200 மீட்டரில் ஏறத்தாழ ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்துவிடும். 300 மீட்டரில் ஒரு மீட்டருக்கும் மேல். 11.7 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் அனுப்பும் .30-06 அதே 300 மீட்டரில் அரை மீட்டருக்குள்தான் தாழும். காட்டுப்பன்றியின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இலக்குப் பகுதி ஒரு சாணுக்குச் சற்றே குறைவு. குறியை மேலே தூக்காமல், நேராக வைத்துச் சுட்டு அந்தப் பகுதிக்குள் குண்டை இறக்க .315-க்கு எல்லை சுமார் 150 மீட்டர், .30-06-க்குச் சுமார் 240 மீட்டர். அந்த 150 மீட்டருக்குள் கனத்த மென்முனைக் குண்டின் அடி பன்றிக்குத் தாராளமாகப் போதும்.

துப்பாக்கியின் சிதறலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 மீட்டரில் 9 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் சுடும் துப்பாக்கி, காற்றே இல்லாவிட்டாலும், 300 மீட்டரில் 27 சென்டிமீட்டர் வட்டத்தைக் கேட்கும். அது இலக்குப் பகுதியை விடப் பெரிது. வயிற்றில் குண்டு பாய்ந்த விலங்கு கரும்புக்குள் ஓடி இரண்டு நாள் துடித்துச் சாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே .315-ஐ நெடுந்தூரத் துப்பாக்கி என்று விற்பதும் வாங்குவதும் தவறு.

இந்தியாவின் பெயர்பெற்ற வேட்டைகளும் கிட்டத்திலேயே நடந்தவை. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியை 1907-இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஹியூவெட் பரிசளித்தது, மவுசர் போல்ட் கொண்ட .275 ரிக்பி. தட்டையான பாதையில் பறக்கும் தோட்டா அது. 300 மீட்டரிலும் நம்பலாம். ஆனால் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926-இல் கார்பெட் சுட்டது ஒரு மாமரத்தின் மேலிருந்து, இரவில், மிக அருகில். சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனோ பெரும்பாலும் போல்ட்டை நாடவில்லை. அவருடையது நெம்புகோல் இயக்கும் .405 வின்செஸ்டர்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோன கதை. எஞ்சியிருப்பது பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி. கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் அளித்தது. தமிழ்நாடு 2025-இல் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். விவசாயி தன் துப்பாக்கியோடு இறங்க அதில் இடமில்லை. படைக்கலச் சட்டமும் பயிர்க்காவலுக்கென்று முதலில் குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான்.

ஆகவே காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதி போன்ற ஊரில் ரைஃபிள் தேவைப்பட்டால் அது அரசு ஊழியரின் கைக்குத்தான். அங்கே நிலமே தூரத்துக்கு எல்லை வகுத்துவிடுகிறது. நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையும் கரும்புத் தோட்டமுமாகத் தட்டையான பூமி. குண்டைத் தடுக்க மலைச்சரிவு இல்லை. குறி தவறிய ரைஃபிள் குண்டு 3 கிலோமீட்டர் வரைகூடப் பறக்கும். அதற்குள் இன்னொரு ஊரே வந்துவிடும். இரவில் தண்ணீர் பாய்ச்சப் பம்புசெட்டுக்குப் போனவர் எந்த வரப்பில் நிற்கிறார் என்று சொல்ல முடியாது. ஏரிக்கரையின் மேல் நின்று, கீழே வயலில் மேயும் பன்றியை 60, 70 மீட்டரில் சுட்டால் குண்டு மண்ணில் இறங்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு .315 போதும்; .30-06-இன் கூடுதல் வேகம் ஆபத்தைத்தான் கூட்டும். பரண் கட்டிச் சுடுவதும் இதே காரணத்தால் நல்லது.

பழைய .315 வாங்குவோர் முதலில் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவை உப்பு விட்டுச் செல்லும். வெந்நீரால் கழுவாமல் வெறும் எண்ணெய் தடவி வைத்த குழலில் அரிப்புக் குழிகள் தெரியும். குழல் வாயின் விளிம்பு நசுங்கியிருந்தால் குண்டு கோணிப் போகும். லீ போல்ட்டின் தலைப்பகுதி தனியே கழலக்கூடியது. வேறு துப்பாக்கியின் தலை மாட்டப்பட்டிருந்தால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடி, பித்தளைக் கூடு கிழிய வாய்ப்புண்டு. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளவுகோல் வைத்துச் சோதித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தொலைநோக்கி மாட்ட எண்ணுவோர், அதற்கான துளைகள் பல பழைய துப்பாக்கிகளில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 100 மீட்டர் வேலைக்கு இரும்புக் குறியே போதும்.

மரக்கட்டைக்கு வடகிழக்குப் பருவமழை ஒரு சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து ஊதிய கட்டை குழலை ஒருபக்கம் நெருக்கும். கோடையில் சரிசெய்த குறி விலகிவிடும். கட்டையின் உட்புறத்துக்கும் எண்ணெய் பூசி, மழை தொடங்கியதும் ஒருமுறையும் ஓய்ந்ததும் ஒருமுறையும், சுடுதளத்தில், வேலைக்குப் பயன்படுத்தும் அதே தோட்டா வகையால் குறியைச் சரிபார்க்க வேண்டும்.