முகத்தில் விழுந்த வெட்டு

கிள்ளானில் உறவினர் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டறை. நடுவில் கேரம் பலகை, மூலையில் பிளேஸ்டேஷன், சுவர் நிறைய ஐந்து துண்டு கேன்வாஸில் பத்துமலை. 272 படிகளின் வண்ணமும் பளிச்சென்று இருந்தது. ஆனால் முருகன் சிலை இரு துண்டுகளுக்கு இடையில் சிக்கிக்கொண்டது. வேலும் பாதி முகமும் ஒரு துண்டில், மீதி முகம் அடுத்ததில். மேலே வந்த பாட்டி, "என்னய்யா, சாமி முகத்த வெட்டி மாட்டியிருக்கீங்க?" என்றார். இந்தப் படவகையைப் பற்றி நான் கேட்ட சரியான விமர்சனம் அதுதான்.

குறை சொல்லுமுன் நிறையையும் சொல்லிவிட வேண்டும். கேன்வாஸுக்குக் கண்ணாடி இல்லை. எதிரே ஓடும் திரையின் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணைக் கூசவைக்காது. இரண்டு மீட்டர் அகலப் படத்தைச் சட்டமிட்டு கொண்டோ லிஃப்டில் ஏற்றுவது பெரும்பாடு. ஐந்து துண்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். பந்தயக் கார், பாயும் குதிரை போன்ற படங்களில் கண் துண்டுக்குத் துண்டு தாவுவதால் ஒரு வேகமும் கிடைக்கிறது. விளையாட்டறைக்கு அந்தத் துள்ளல் பொருத்தமே.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. பரவலாகக் கிடைக்கும் ஐந்து துண்டுத் தொகுப்பில் ஒவ்வொன்றும் 40 செ.மீ. அகலம், உயரம் ஓரத்தில் 60, அடுத்து 80, நடுவில் 100. மூன்று செ.மீ. இடைவெளி விட்டால் மொத்தம் 212 செ.மீ. ஆறடி சோபாவோ 183 செ.மீ.தான். சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு படம் என்பது அலங்காரக்காரர்களின் கணக்கு. அதன்படி சிறிய அறைக்கு மூன்று துண்டே போதும்.

இரண்டாவது, தெளிவு. இணையத்தில் எடுத்த 1920 புள்ளி அகலப் படத்தை 212 செ.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 23 புள்ளிதான் மிஞ்சும். கைப்பேசியில் மின்னியது சுவரில் கலங்கிப்போகும். மூன்றாவது, நம் ஊர் ஈரம். வெளிச்சுவரோடு ஒட்டிக் கிடக்கும் கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பூக்கும். மூலைகளில் சிறு தக்கை ஒட்டிக் காற்றுக்கு வழிவிட வேண்டும். வாடகை வீடென்றால் துண்டுக்கு இரண்டாகப் பத்துத் துளை. வீட்டுக்காரர் முகம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் காசும் கவனமும் சரிசெய்துவிடும். பாட்டி சொன்ன குறை வேறு வகை. பலகைகளாகப் பிரித்து வரைவது பழைய கலைதான். ஜப்பானிய மடிப்புத் திரைகளிலும் ஐரோப்பியத் தேவாலயங்களின் மும்மடிப் பலகைகளிலும் மடிப்பு எங்கே விழும் என்பது தூரிகை எடுக்குமுன்பே ஓவியருக்குத் தெரியும். இன்றோ படம் முடிந்த பிறகுதான் கத்தி வருகிறது. எந்தப் படமானாலும் ஒரே வாய்பாட்டில் வெட்டு விழுகிறது. காடு, கடல், மேகம் இதைத் தாங்கும். முகம் தாங்காது, கால்பந்து வீரர் முகமானாலும் சரி, கடவுள் முகமானாலும் சரி.

எனவே படத்துக்கு முன் இடைவெளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரட்டைக் கோபுரத்தை நான்கு துண்டாகப் பிரித்தால் நடு இடைவெளி கோபுரங்களுக்கு நடுவே இருக்கும் வானத்தில் விழும்; வான்பாலம் மட்டும் வெட்டைக் கடக்கும், கண் அதைத் தானே இணைத்துக்கொள்ளும். அதே படத்தை ஐந்தாகப் பிரித்தால் வெட்டு கோபுரத்தின் மேலேயே விழலாம். கடைக்காரரிடம் விலை கேட்குமுன், படத்தைத் தாளில் எடுத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

உறவினர் வீட்டில் நானும் அப்படிக் கோடு போட்டுப் பார்த்தேன். 42.7 மீட்டர் உயர முருகனுக்கு அந்த நெட்டையான நடுத்துண்டு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. படத்தை ஒரு சாண் நகர்த்தியிருந்தால் போதும், பாட்டி கைகூப்பியிருப்பார்.