மேட்டிலிருந்து பார்ப்பதும் மேட்டைப் பார்ப்பதும்

கண்டிக்கு வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: ஏதாவதொரு மேட்டில் ஏறிப் பாருங்கள். ராஜபிஹில்ல மாவத்தையில் ஆர்தர்ஸ் சீட்டுக்குப் போனால் வாவியும் தலதா மாளிகையும் ஒரே பார்வையில் அகப்படும். பஹிரவகந்த புத்தர் சிலையடியில் நின்றால் நகரமே காலடியில் கிடக்கும். தெம்புள்ளவர்கள் ஹந்தானை ஏறுகிறார்கள். நெரிசல் வேண்டாம் என்பவர்கள் தென்னக்கும்புரப் பாலத்தைக் கடந்து குண்டசாலைப் பக்கம் வந்து, மகாவலியையும் தும்பறைப் பள்ளத்தாக்கையும் அப்பால் நீலமாய்த் தெரியும் நக்கிள்ஸ் தொடரையும் பார்க்கிறார்கள். காட்சிக்காக மலைக் குடியிருப்புகளில் நடந்தே ஏறி இறங்கும் இந்த வழக்கம் நல்லது என்பதுதான் என் கட்சி. ஆனால் இன்று அது நடக்கும் விதத்தில், அதன் பயனில் பாதிக்கு மேல் வீணாகிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். மகாவலி கண்டியை மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. தெற்கே ஹந்தானை அடைத்து நிற்கிறது. படத்தில் பார்த்தால் மறந்துபோகும் இந்த அமைப்பு, லேவல்லவுக்கு இறங்கி ஆற்றைத் தாண்டி மறுகரையில் ஏறுகிறவருக்கு ஒருநாளும் மறக்காது. 1803 ஜூனில் கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் பின்வாங்கிய பிரித்தானிய மேஜர் டேவியின் படை, வட்டபுளுவவில் பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்க முடியாமல் அழிந்தது. அந்தக் கரையில் நின்று பார்த்தால், அந்நியப் படைகளுக்கு இந்த நகரம் ஏன் அத்தனை காலம் வசப்படவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் ஏன் குண்டசாலையில் அரண்மனை அமைத்துக்கொண்டான் என்பதும், ஆற்றோரச் சமவெளியைக் கண்டால் ஊகிக்கக்கூடியதே.

நடை இன்னொன்றையும் தருகிறது: வழியில் நிற்கும் உரிமை. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தவர். பாறைகளை ஆராயப் போன இடங்களில் அவர் கைவினைஞர்களின் பட்டறைகளையும் விகாரைச் சுவர்களையும் பார்த்தார். 1908இல் வந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல் அப்படி நின்று பார்த்ததன் விளைவு. குண்டசாலைக்கு அருகிலுள்ள தெகல்தொருவ குகை விகாரையின் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களும், நத்தரம்பொத்தவின் பித்தளைப் பட்டறைகளும், தும்பறைப் பாய் நெய்யும் ஹேனவல கிராமமும் இன்றும் நடந்து திரிகிறவர்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மலை உச்சியை மட்டும் குறிவைத்து ஓட்டோ பிடிக்கிறவர் இவை எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகிறார்.

குறை இங்கேதான் தொடங்குகிறது. எங்கே நின்று எதைப் பார்ப்பது என்பதை நாம் தீர்மானிக்கவில்லை. உடவத்தகலைக் காட்டுக்குள் போகும் பாதைக்கு, 1831 முதல் 1837 வரை பிரித்தானிய ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயர். கொடைக்கானலில் 1872இல் அமைந்த கோக்கர்ஸ் வாக்கும் இதே மரபைச் சேர்ந்தது. மேட்டில் உலாவி, கீழே கிடப்பதை ஓவியம்போல ரசிப்பது ஆள்கிறவர்களின் பொழுதுபோக்காக இருந்தது. அதே இடங்களில் நின்று அதே திசையில் நாமும் பார்க்கிறோம். வாவி தெரிகிறது, மஹியாவ தெரிவதில்லை. நகரைத் துப்புரவு செய்ய வெள்ளையர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தமிழ்த் தொழிலாளரின் சந்ததியினர் நெருக்கியடித்து வாழும் மேடு அது. ஹந்தானையின் பசுமையைப் படமெடுப்பவர்கள் லயன் வீடுகளின் வாசல் வழியாகவே ஏறுகிறார்கள். அந்த வாசலில் துணி காய்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். கேட்காமல் கமராவைத் திருப்புகிறவருக்கு அதுவும் காட்சியின் ஒரு பகுதி. விக்டோரியா நீர்த்தேக்கமும் அப்படித்தான். 1985இல் திறக்கப்பட்ட அணையின் நீர்ப்பரப்பு உண்மையிலேயே அழகானது. அதன் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது என்று எந்த மேடும் தானாகச் சொல்லாது.

இரண்டாவது குறை இன்னும் பாரதூரமானது. காட்சிக்கு விலை வந்துவிட்டது. ‘வியூ’ உள்ள காணி என்றால் கேட்ட விலை. அந்தக் காணியில் கட்டடம் எழும்ப மலையின் பக்கம் வெட்டப்படுகிறது, மரங்கள் போகின்றன, மழைநீர் பழகிய வழியை இழக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அத்தனை சரிவுக்கும் ஹோட்டல்களைக் குற்றம் சொல்வது அநியாயம். அந்த மழை அசாதாரணமானது. ஆனால் சரிவில் வைக்கும் ஒவ்வொரு வெட்டும் அடுத்த மழைக்கான கடன் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த ஆபத்தைப் படிக்க நடையைவிடச் சிறந்த வழி இல்லை. குண்டசாலையின் எந்த ஏற்றத்திலும் ஒரு தாங்குசுவரின் முன் நின்று பாருங்கள். சுவரில் வரிசையாகச் செருகிய பிளாஸ்டிக் குழாய்கள் உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றுவதற்கானவை. மழை விட்ட பிறகும் அவை காய்ந்து, வாயில் மண் அடைத்துப் புல் முளைத்திருந்தால், நீர் சுவருக்குப் பின்னால் நின்று அதைத் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். சுவர் நடுவில் புடைத்திருக்கிறதா? மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா? நிலத்தில் புதிய வெடிப்பு உண்டா? தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருகிறதா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களைக் கவனிக்கச் சொல்லும் அறிகுறிகள் இவைதான். ஊரவர்களுக்கு இவை தெரியும். நடக்க வருகிறவர்களும் இவற்றைப் பார்க்கக் கற்றால், மேட்டில் வாழ்கிறவரோடு பேச அவர்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

மூன்றாவது குறை, இந்த நடை எல்லாருக்கும் கிட்டுவதில்லை. தென்னக்கும்புர வீதியில் பஸ்ஸுக்கும் காணுக்கும் நடுவில் ஒதுங்கி நடப்பது இளைஞர்களுக்கே சிரமம். கிண்ணம்போன்ற பள்ளத்தில் தேங்கும் டீசல் புகை கண்டியின் பழைய நோய். முதியவர்களுக்குப் பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. பொழுது சாய்ந்தபின் ஒரு பெண் தனியே இறங்கிவர விளக்கு இல்லை. ஆகவே நடையின் இன்பத்தைப் புகழ்வதோடு நின்றால், அது கால் வலுவும் ஓய்வும் உள்ளவர்களின் இன்பமாகவே இருந்துவிடும்.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தால், இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. அதன் திசையை மாற்ற வேண்டும். புதிதாக ஒரு காட்சிக்கூடம் கட்டும் பணத்தில், மேட்டு வீடுகளையும் பிரதான வீதியையும் இணைக்கும் படிக்கட்டுகளைச் செப்பனிட்டுக் கைப்பிடியும் விளக்கும் பொருத்தலாம், காண்களைத் துப்புரவாக்கலாம். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் தினமும் அதே படியில் இறங்குகிற குடும்பங்களுக்கும் அது உதவும். வழிகாட்டியாக வெளியூர்க்காரரைவிட அந்த மேட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளை அமர்த்தினால், காட்சியின் வருமானத்தில் ஒரு பங்காவது அங்கே தங்கும். நல்ல காட்சியைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர், அந்தக் காட்சியைத் தாங்கி நிற்கும் சரிவு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அதைச் சொல்ல முடியாத நடை, எத்தனை மேடு ஏறினாலும், கண்டியைப் பார்த்ததாகாது.