எண்பது கோடி என்னும் எண்: நலத்திட்டப் புள்ளிவிவரங்களும் செய்தி ஊடகங்களின் வறுமைச் சித்திரிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

நலத்திட்டப் பயனாளிகளின் எண்ணிக்கையை வறுமையின் அளவாக எடுத்தாளும் செய்தி ஊடக வழக்கத்தை இக்கட்டுரை திறனாய்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 81.35 கோடி என்னும் எண்ணை முதன்மைச் சான்றாகக் கொண்டு, வறுமையை மிகைப்படுத்தலும் மறைத்தலும் ஒரே வாசிப்புப் பிழையின் இரு விளைவுகள் என்று வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பொது விநியோகத் திட்டம், பயனாளி, வறுமை, செய்தி மொழி, மகளிர் உரிமைத்தொகை, ஊரக வேலையுறுதி

முன்னுரை

இந்தியாவில் எண்பது கோடிப் பேர் விலையின்றி உணவு தானியம் பெறுகின்றனர் என்னும் கூற்று, கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் முதல் அரசியல் மேடைகளிலும் தலையங்கங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இடையறாது ஒலிக்கிறது. ஆளுந்தரப்பு இதனை ஈகையின் சான்றாகக் காட்டுகிறது. எதிர்த்தரப்பு பசியின் சான்றாகக் காட்டுகிறது. ஊடகம் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றை வழிமொழிகிறது. எண் யாருடையது, எவ்வாறு பிறந்தது என்ற வினா எழுவது அரிது.

எண்ணின் பிறப்பு

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரக மக்களில் 75 விழுக்காட்டினர் வரையிலும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காட்டினர் வரையிலும் மானிய விலையில் தானியம் பெற வழி செய்தது. இவ்விகிதங்களை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்மீது பொருத்தியதால் கிடைத்ததே 81.35 கோடி. பசித்தோரை யாரும் எண்ணிப் பார்த்து இத்தொகையைப் பெறவில்லை. நாடாளுமன்றம் வகுத்த உச்சவரம்பு அது. மழை பொய்த்தால் இவ்வெண் உயர்வதில்லை. கூலி உயர்ந்தால் குறைவதுமில்லை.

இதன் இயல்பை 2020 நன்கு காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் பிரதமர் ஏழைகள் நல உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது பயனாளிகளின் பட்டியல் மாறவில்லை; ஆள் ஒருவருக்கு மாதம் 5 கிலோ கூடுதலாக வழங்கப்பட்டது. அதுவரை கிலோ 3 ரூபாய்க்கு அரிசியும் 2 ரூபாய்க்குக் கோதுமையும் பெற்றுவந்தோர், 2023 ஜனவரி முதல் சட்டப்படியான தம் பங்கையும் விலையின்றிப் பெற்றனர். 2024 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு அச்சலுகை நீட்டிக்கப்பட்டது. மாறியது விலை. அதனை மக்கள் நிலையின் மாற்றமாக எழுதுவது, அரசாணையை வாழ்க்கைத்தர ஆய்வாகப் படிப்பதற்கு ஒப்பாகும்.

தமிழ்நாடு என்னும் சோதனை

இப்பிழையைக் காண்பதற்குத் தமிழ் வாசகருக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1997இல் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை வறியோருக்கென இலக்கு வகுத்துச் சுருக்கியபோது, தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2011 ஜூன் 1 முதல் அரிசி அட்டைதாரர்க்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் கணக்கீட்டில் 2019-21 காலத்துக்குத் தமிழ்நாட்டின் விகிதம் 2.20 விழுக்காடு, பீகாரின் விகிதம் 33.76 விழுக்காடு. அரிசி பெறுவோர் எண்ணிக்கையே வறுமையின் அளவு எனின், இவ்விரு மாநிலங்களும் தம் இடத்தை மாற்றிக்கொள்ள நேரும். (அரசு ஆவணங்கள் ‘விலையில்லா அரிசி’ என எழுத, செய்தி வழக்கு ‘இலவச அரிசி’ என்றே எழுதுகிறது. உரிமைக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே கரையத் தொடங்குகிறது.)

வினைச்சொல்லின் நழுவல்

மிகைப்படுத்தல் எண்ணில் நிகழ்வதில்லை. எண் பெரும்பாலும் சரியாகவே அச்சாகிறது. அது நிகழ்வது வினைச்சொல்லில். ‘பெறுகின்றனர்’ என்பது ‘நம்பி வாழ்கின்றனர்’ என்றாகிறது. முன்னது நிர்வாகத் தகவல். பின்னது வாழ்நிலை பற்றிய கூற்று. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

அத்தகைய சான்று உண்டு. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி ஊரக இந்தியாவில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய். நலத்திட்டங்கள்வழி விலையின்றிக் கிடைத்த பொருள்களின் மதிப்பையும் சேர்த்தால் 3,860 ரூபாய். வேறுபாடு 87 ரூபாய். மானிய விலைப் பொருள்களின் பயன் இதில் சேராது என்பதை மறத்தலாகாது. ஆய்வுக் காலத்தின் முதற்பாதியில் சட்டப்படியான பங்கிற்கு மக்கள் விலை கொடுத்தே வந்தனர். எனினும், எண்பது கோடிப் பேரின் வாழ்வு இத்தானியத்திலேயே தொங்குகிறது என்ற சித்திரத்தை இத்தொகை தாங்காது.

ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்கிறது. ஊரகத்தின் கடைநிலை 5 விழுக்காட்டினரின் மாதச் செலவு 1,373 ரூபாய். விலையில்லாப் பொருள்களைச் சேர்த்தால் 1,441 ரூபாய். அவர்களுக்குக் கூடியது 68 ரூபாய். ஊரகச் சராசரிக்குக் கூடியதைவிட இது குறைவு. மாதம் 1,373 ரூபாயில் வாழ்வோரைப் பற்றிய இவ்வரி, எண்பது கோடி என்ற தலைப்பைவிடக் கனமான செய்தி.

மகளிர் உரிமைத்தொகையும் இத்தகைய வாசிப்புக்கு உள்ளாகிறது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, 1.06 கோடிக்கு மேற்பட்டவை ஏற்கப்பட்டன. தகுதி வரம்போ ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்பதாகும். நான்கரை ஏக்கர் நன்செய் உடைய குடும்பமும் நிலமற்ற கூலிக் குடும்பமும் ஒரே பட்டியலில் இடம்பெற இயலும். ஒரு கோடிப் பெண்கள் ஆயிரம் ரூபாய்க்கு ஏங்கும் நிலை என்று இதனை எழுதுவது பட்டியலின் இலக்கணத்தை அறியாமையே.

பட்டியலுக்கு வெளியே

இத்தகைய திறனாய்வை, வறுமையே இல்லை என்போரின் கையில் கொடுத்துவிடும் இடர் உண்டு. மிகைப்படுத்தியதைச் சுட்டிக்காட்டுவோர் அடுத்த அடியில் பட்டியலைச் சுருக்கக் கோருவதும் காணக்கூடியதே. இருதரப்பும் செய்வது ஒன்றே: உச்சவரம்பை மக்கள்நிலையாகக் கொள்ளுதல். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையிலேயே எண் உறைந்துபோனதால் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் உணவுப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றனர் என்று பொருளியலறிஞர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் 2020இல் கணக்கிட்டுக் காட்டினர். இ-ஷ்ரம் தளத்தில் பதிந்த அமைப்புசாராத் தொழிலாளருள் ஏறத்தாழ எட்டுக் கோடிப் பேருக்குக் குடும்ப அட்டை இல்லை என்பது பின்னர் உச்ச நீதிமன்ற வழக்கில் வெளிப்பட்டது. அட்டை பெற்றோரை எண்ணித் துயரை அளக்கும் ஊடகத்தில், அட்டையற்றவர் துயருற்றோராகவும் இடம்பெறுவதில்லை.

நலத்திட்ட எண்கள் எல்லாமே இவ்வாறு அசையாதவை அல்ல. மகாத்மா காந்தி ஊரக வேலையுறுதித் திட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் 2019-20இல் 5.48 கோடி, 2020-21இல் 7.55 கோடி. கேட்டால் மட்டுமே கிடைக்கும் வேலை, கடும் உடலுழைப்பு, குறைந்த கூலி என்பதால், வேறு வழியுள்ளோர் இதனை எளிதில் நாடுவதில்லை. ஆகவே இவ்வுயர்வைத் துயரின் குறியாகக் கொண்ட செய்திகள் மிகைப்படுத்தியவை எனல் பொருந்தாது.

எனினும் இவ்வெண்ணின் வீழ்ச்சியை அதே உறுதியுடன் படித்தல் இயலாது. 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு இச்சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ் மேற்கு வங்கத்துக்கான நிதியை நிறுத்தியது. வேலை கேட்போர் குறையவில்லை. வேலை தருவதற்கான பணம் வரவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் நாடு தழுவிய கூட்டுத்தொகை குறைந்ததைக் கொண்டு ஊரகத் துயர் தணிந்தது என எழுதப்பட்ட செய்தி எதுவாயினும், மேற்கு வங்கத்தைத் தனியே பிரித்துப் பார்த்ததா என்பதே அதனிடம் கேட்க வேண்டிய முதல் வினா.