படிக்கவும் மாற்றவும் ஓர் அனுமதி

2000களின் நடுவில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு அந்தக் கிறுக்கல்கள் நினைவிருக்கும். நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்த காலம் அது. உரிய எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் தலையங்கம் முழுவதும் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகத்தான் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 'பத்மா' என்ற நீட்சியை, அதாவது உலாவியோடு இணைந்து இயங்கும் சிறு நிரலை, போட்டுக்கொண்டவர்களுக்கு அதே பக்கம் யூனிகோடுக்கு மாறி, படிக்கும்படி வந்தது. உலகம் முழுமைக்கும் உலாவி செய்கிற நிறுவனம் இந்திய மொழிகளின் இப்படிப்பட்ட சிக்கலுக்கென்று தனியாக உட்காரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆர்வலர்கள் உட்கார்ந்தார்கள். நீட்சிகளின் மெய்யான பலம் அதுதான்: பெரியவர்கள் கவனிக்காத தேவையைத் தனி ஒருவர் தீர்த்துவைக்க முடிகிறது.

பேச்சில் எக்ஸ்டென்ஷன் என்றே வழங்கும் இவற்றைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 'கட்டாயம் வேண்டிய பத்து' என்று பட்டியல் போட்டு முடிந்துவிடுகின்றன. இந்த நீட்சி யாருடையது, அவர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்ற கேள்வி அந்தப் பட்டியல்களில் வருவதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் எண்ணம்.

பத்மாவால் பக்கத்தை மாற்ற முடிந்தது எப்படி? பக்கத்துக்குள் புகுந்து, இருப்பதைப் படித்து, திருத்தி எழுதும் உரிமை அதற்கு இருந்தது. இன்றும் அடிப்படை அதுவே. குரோமில் நீட்சி ஒன்றைச் சேர்க்கப் போனால் ஒரு சிறு பெட்டி எழும்; எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் இதனால் முடியும் என்று சொல்லும். நாம் அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் வங்கி இருப்பு, அலுவலக மின்னஞ்சல், ரயில் முன்பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அடக்கம். ஆனால் எல்லாத் தளங்களிலும் விளம்பரத்தை மறைக்க வேண்டிய நீட்சிக்கும், வெண்மையான பக்கங்களை இருளாக்கிக் கண்ணுக்கு இதம் தரும் டார்க் ரீடருக்கும் இந்த அனுமதி இல்லாமல் வேலை ஓடாது. ஆகவே, 'அதிக அனுமதி கேட்டால் நிறுவாதீர்கள்' என்ற வழக்கமான அறிவுரை பாதி வழிதான் கூட்டிப்போகும். நல்ல நீட்சியும் அதே வரியைத்தான் காட்டுகிறது, கெட்டதும் அதே வரியைத்தான் காட்டுகிறது.

நல்லதே கெட்டதாக மாறவும் கூடும். 'தி கிரேட் சஸ்பெண்டர்' நீட்சிக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நாற்பது டேப்களைத் திறந்துவைத்து வேலை பார்க்கிறவர்களின் கணினி திணறாமலிருக்க, கொஞ்ச நேரம் தொடாமல் விட்ட டேப்களை அது உறங்கவைத்து நினைவகத்தை விடுவித்தது. அதன் மூலநிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோர் பார்வைக்கும் இருந்தது. பயனர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2020 ஜூனில் அதை உருவாக்கியவர், அடையாளம் வெளிப்படாத ஒரு தரப்புக்கு அதை விற்றுவிட்டார். அக்டோபரில் குரோமின் நீட்சிக் கடையில் புதிய பதிப்பு ஒன்று ஏறியது. அதன் மாற்றங்கள் கிட்ஹப்பில் இல்லை. வெளியிலுள்ள சேவையகத்திலிருந்து நிரலை இறக்கி ஓட்டும் வழி அதற்குள் இருப்பதைப் பயனர்கள் சிலரே கண்டுபிடித்து எச்சரித்தார்கள். நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எட்ஜ் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. கூகுள் அதைத் தீநிரல் என்று முடக்கியது 2021 பிப்ரவரியில்தான்.

முடக்கியபோது இன்னொரு சங்கடம். உறங்கிக்கிடந்த டேப்கள் உண்மையில் அந்த நீட்சியின் சொந்தப் பக்கங்கள். நீட்சி போனதும் அவையும் போயின. உலாவியின் வரலாற்றைத் திறந்து, நீண்ட முகவரி ஒன்றின் வாலில் ஒட்டியிருந்த அசல் முகவரியை வெட்டியெடுத்து, ஒவ்வொரு பக்கமாக மீட்க வேண்டியிருந்தது. பாதி எழுதிய ஆய்வுக்கான தரவுகளை டேப்களாகவே சேர்த்துவைத்தவர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். இன்று குரோமிலும் எட்ஜிலும் டேப்களை உறங்கவைக்கும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. நீட்சி தேடும் முன் உலாவியின் அமைப்புகளை ஒருமுறை புரட்டுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

உரிமையாளர் மாறியதை உலாவி யாருக்கும் அறிவிக்கவில்லை. புதிய பதிப்புகள் தாமாகவே இறங்குகின்றன. நீட்சி கூடுதல் அதிகாரம் கேட்டால்தான் உலாவி நம்மிடம் மறுபடி அனுமதி கோரும். எல்லாவற்றையும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட இடத்தில் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது?

விற்றவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் நிரலை ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது, நாள்தோறும் வரும் புகார்களுக்குப் பதில் சொல்வது, உலாவி மாறும்போதெல்லாம் திருத்தி எழுதுவது எல்லாம் ஒருவரைச் சோர்வடையச் செய்யும். அந்த நேரத்தில் வாங்குகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறது. வாங்குபவருக்கு வேண்டியது நிரல் அல்ல. நம் உலாவிகளில் ஏற்கெனவே கிடைத்திருக்கும் இடம். அந்த இடத்திலிருந்து எதை எடுக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. தளங்களின் நம்பகத்தன்மையைச் சொல்லும் 'வெப் ஆஃப் டிரஸ்ட்' பயனர்களின் உலாவல் விவரங்களைப் பிறருக்குக் கொடுத்துவந்ததை 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. பக்கங்களின் தோற்றத்தை மாற்றும் 'ஸ்டைலிஷ்' கைமாறிய பிறகு, நாம் போகும் முகவரிகளை எல்லாம் சேகரித்து அனுப்பியது 2018இல் அம்பலமானது. விற்காவிட்டாலும் ஆபத்து உண்டு. 2024 டிசம்பரில் 'சைபர்ஹேவன்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலுக்கு ஏமாந்ததில், அதன் நீட்சிக்கே தீங்கான பதிப்பு ஒன்று கடை வழியாகப் பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பான். ரேமண்ட் ஹில் உருவாக்கியது, நன்கொடைகூட வாங்குவதில்லை. 2015இல் அவர் தம் முதல் 'யூபிளாக்' திட்டத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் போக்குப் பிடிக்காமல் தனிக் கிளையாகத் தொடர்ந்ததுதான் இது. விளம்பரத் தடுப்பான்கள் சிறு பத்திரிகைகளின் வருவாயில் கைவைக்கின்றன என்பதை மறுக்கவில்லை. நான் மதிக்கும் தமிழ்த் தளங்களில் அதை அணைத்துவைக்கிறேன். ஆனால், தேடல் விளம்பரங்களின் வழியே மோசடித் தளங்கள் வருவதால் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ-யே மக்களுக்குச் சொன்னது. அந்த அளவுக்கு இது பாதுகாப்புக் கருவியாகிவிட்டது.

அதே யூபிளாக் ஆரிஜின் இன்று குரோமில் ஓடுவதில்லை. 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய விதிமுறையைக் கொண்டுவந்த கூகுள், பழைய முறை நீட்சிகளை 2024–25இல் படிப்படியாக முடக்கியது. வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டுவதை இந்த விதி தடைசெய்கிறது. கிரேட் சஸ்பெண்டர் விவகாரத்தைப் பார்த்தவர் யாரும் இதை வரவேற்பார்கள். ஆனால் அதே விதி, ஓர் இணையப் பக்கம் எங்கெங்கிருந்து எதை இறக்குகிறது என்பதைக் கவனித்து, அந்தக் கணமே நிறுத்தும் அதிகாரத்தைப் பொதுப் பயனர்களின் நீட்சிகளிடமிருந்து பறித்துவிட்டது. நீட்சி முன்கூட்டியே கொடுத்த பட்டியலின்படி இனி உலாவியே தடுக்கும். அனுமதி பெற்ற நீட்சி கவனிப்பதற்கு மட்டும் தடை இல்லை. வேவு பார்க்க வழி இருக்கிறது, காப்பாற்றத்தான் வழி குறுகிவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் இதைப் பாதுகாப்பு என்று மட்டும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஃபயர்ஃபாக்ஸ் பழைய அதிகாரத்தையும் விட்டுவைத்திருக்கிறது. யூபிளாக் ஆரிஜின் அங்கே இன்னும் முழுமையாக வேலை செய்கிறது.

அன்றாட வேலைக்கு என்னைக் கேட்டால், தயங்காமல் சொல்வது கடவுச்சொல் காப்பான் ஒன்றைத்தான். பிட்வார்டன் போன்ற திறந்த மூலக் காப்பான்கள் தளத்தின் முகவரியைப் பார்த்தே கடவுச்சொல்லை நீட்டுகின்றன. வங்கியின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிய போலிப் பக்கத்தில் நம் கண் ஏமாறும். காப்பான் எதையும் நீட்டாமல் இருந்துவிடும். அந்த மௌனம் பெரிய எச்சரிக்கை. ஆங்கில நடையைத் திருத்தும் நீட்சிகளை அலுவலக உலாவியில் நான் வைப்பதில்லை. நாம் தட்டச்சு செய்வதை அவற்றில் பெரும்பாலானவை தங்கள் சேவையகத்துக்கு அனுப்பித்தான் திருத்துகின்றன. வாடிக்கையாளரின் கடிதத்தை அப்படி அனுப்ப எனக்கு உரிமை இல்லை. எப்போதாவது தேவைப்படும் மற்றவற்றை, சொடுக்கினால் மட்டும் இயங்கும்படி குரோமில் மாற்றிவைக்கலாம். சின்னத்தின் மேல் வலச்சொடுக்கு செய்தால் அந்தத் தேர்வு வரும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

இவையெல்லாம் பயனர் தலையில் கட்டும் சுமைகள் என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் நீட்சியின் பக்கத்தைத் திறந்தால் நட்சத்திரங்கள் உண்டு, பயனர் எண்ணிக்கை உண்டு, கடைசியாகப் புதுப்பித்த நாள் உண்டு. கைமாறிய நாள் இல்லை. அந்த நாளைக் காட்டினாலும், தம் உருவாக்குநர் கணக்கையே மொத்தமாக விற்றுவிடுகிறவர்களைக் கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நீட்சி மாறுவது கடையின் வழியாகவே நடக்கிறது. அது நடந்ததும் நீட்சியை நிறுத்திவைத்து, உரிமையாளர் மாறிவிட்டார், தொடரலாமா என்று பயனரிடம் ஒரு வரி கேட்பதற்கு கூகுளுக்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.