கனியும் கலனும் ஏலமும்

ஏலம் என்னுஞ் சொல் மலைநாட்டார்க்குப் புதிதன்று. தெமோதரையிற் கிள்ளிய கொழுந்து தேயிலையாகிக் கொழும்பு சென்று ஏலத்திலேயே விலைப்படுகின்றது. 1883ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வேலம் 2020ஆம் ஆண்டுவரை கூடத்திற் குரலெழுப்பி நடத்தப்பெற்றது. அதன் பின்னர்க் கணினி வழியே நடைபெறுகின்றது. வறண்ட காற்று வீசும் ஆடி, ஆவணித் திங்கள்களில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டாதலையும், அம்மணத்திற்கேற்ப விலை ஏறுதலையும் இங்குள்ள சிறுவரும் அறிவர். பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும், சுவைப்போன் ஒவ்வொரு முறையும் கிண்ணத்துச் சாயத்தை நாவிலிட்டுப் பார்த்தே விலை மதிப்பான். சென்ற ஆண்டின் புகழ் இவ்வாண்டின் மந்தமான தேயிலையை நெடுநாள் தாங்காது.

ஓவியமும் ஏலத்தில் விற்கப்படுகின்றது. அங்கே சுவைப்போன் யார்? இவ்வினாவை ஆராய்தற்கு ஓவிய வகைகளுள் மிக எளிய ஒன்றை எடுத்துக்கொள்வாம். மேசைமேல் வைத்த பழம், குடம், மலர், மீன், கத்தி, துணி முதலியவற்றையே பொருளாகக் கொண்ட ஓவியத்தை நம்மவர் அசையாப் பொருளோவியம் என்பர். ஆங்கிலேயர் இதனை அசைவற்ற உயிர் எனப் பொருள்படவும், பிரெஞ்சுக்காரர் இறந்த இயற்கை எனப் பொருள்படவும் வழங்குவர். பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சுக் கலைக்கழகத்தார் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது இதற்குக் கிடைத்தது கடைசிப் படி. அரசன் உருவம் எழுதினால் அரசன் புகழும் ஓவியத்திற்கு உதவும். புராணக் காட்சி எழுதினாற் கதை உதவும். ஆப்பிளோ யாதும் உதவாது. சந்தையிற் சில காசுக்கு வாங்கி உண்ணத்தக்க ஒன்றை எழுதிய படத்திலே, ஓவியன் கண்ணும் கையுமன்றி விலைக்குரியது வேறொன்றுமில்லை. ஆகவே ஏலத்தின் நேர்மையை உரைத்துப் பார்க்க இதனினும் ஏற்ற உரைகல் இல்லை எனலாம்.

1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாரிசு நகரில் நிகழ்ந்த ஏலம் ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். முந்திய ஆண்டு காலமான ஓவியர் டெகா தாம் சேர்த்துவைத்த பிறர் ஓவியங்கள் அன்று ஏலத்துக்கு வந்தன. முதலாம் உலகப் போர் ஓயவில்லை. செருமானியரின் நெடுந்தூரப் பீரங்கிக் குண்டுகள் நகரத்தின்மீது வீழ்ந்துகொண்டிருந்தன. இந்திய நாணயத்தைப் பற்றி 1913இல் நூலெழுதிய பொருளியலறிஞர் கெயின்சு அப்போது பிரித்தானியத் திறைசேரியிற் பணிபுரிந்தார். ஓவியர் டங்கன் கிராண்டு தூண்டியதன் பேரில், தேசிய ஓவியக்கூடத்துக்காக 20,000 பவுண் வரை செலவிட அவர் அரசின் இசைவைப் பெற்றார். கூடத்தின் தலைவர் ஓம்சு அவருடன் பாரிசு சென்று பல ஓவியங்களை வாங்கினார். ஆயின் செசான் என்பவருடைய ஓவியம் ஒன்றையும் வாங்க அவர் உடன்படவில்லை. பணம் எஞ்சியே திரும்பியது. கெயின்சு தம் சொந்தப் பணம் 327 பவுண் கொடுத்துச் செசான் எழுதிய சிறு ஆப்பிள் ஓவியத்தை வாங்கினார். நண்பர் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கையிற் பெட்டி பாரமாயிருந்தமையால் அவ்வோவியத்தை வேலியோரத்தில் விட்டுவிட்டு நடந்து சென்றார் என்பர். ஏழு ஆப்பிள்கள் மட்டுமே உள்ள அப்படம் இப்போது கேம்பிரிட்சு பிட்சுவில்லியம் நூதனசாலையிற் காட்சிக்கு உள்ளது.

இந்நிகழ்ச்சியிற் போற்றத்தக்கது கெயின்சின் பொருளியல் நுட்பம் என்று பலர் கூறுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கண்ணுடைய ஓவியன் ஒருவன் சொல்லைக் கணக்கறிந்த ஒருவர் செவிமடுத்தார், சிறப்பு அவ்வளவே. பதவியிலிருந்த அறிஞரோ பெயர் நிலைபெறும்வரை காத்திருந்தார். செசானுடைய பெயர் நிலைபெற்ற பின் நிகழ்ந்ததை அறிய 1999ஆம் ஆண்டு நியூயோர்க் ஏலம் போதும். திரைச்சீலையும் சாடியும் பழத்தட்டும் கொண்ட அவருடைய ஓவியம் ஒன்று அன்று 605 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. ஆப்பிள் அதே ஆப்பிள்தான்.

சார்டேன் கதையும் இதனோடு ஒத்தது. 1779இல் மறைந்த பின் நெடுங்காலம் கவனிப்பாரற்றிருந்த அவ்வோவியரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் மக்கள் மீளக் கண்டனர். காட்டுச் செம்புற்றுப்பழக் கூடை ஒன்றும், நீர்க்குவளை ஒன்றும், வெள்ளைக் கார்னேசன் மலர் இரண்டும் கொண்ட அவருடைய சிறு படம் 2022 மார்ச்சில் பாரிசில் ஏலத்திற்கு வந்தது. ஏலத்தார் மதித்த விலை 120 முதல் 150 இலட்சம் யூரோ. சுத்தியல் வீழ்ந்தது 205 இலட்சத்தில். தரகும் சேர்த்து வாங்கியவர் கொடுக்க வேண்டியிருந்தது 244 இலட்சம். சுத்தியல் விலைக்கும் செலுத்தும் விலைக்கும் உள்ள இவ்விடைவெளியை ஏலங் கேட்கப் புகுவோர் முதலில் அறிதல் வேண்டும். வாங்குவோரிடமும் தரகு பெறும் வழக்கத்தை இலண்டனின் இரு பெரும் ஏல நிலையங்கள் 1975ஆம் ஆண்டிலே புகுத்தின. பின்னர் அப்படம் நாட்டின் பொக்கிசம் என்று அறிவிக்கப்பட்டு ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பெருநிறுவனத்தின் கொடையோடு ஆயிரக்கணக்கான பொதுமக்களின் சிறு கொடையும் சேர, லூவர் நூதனசாலை அதனைத் தனதாக்கிற்று. ஏலத்தில் வென்றவனிடமிருந்து ஒரு கூடைப் பழத்தை மக்கள் மீட்டுக்கொண்ட இச்செய்தி எம் நெஞ்சைத் தொட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி ஏலப் பட்டியலின் மொழியைச் சிறிது நோக்குவாம். இதுவும் ஒருவகை இலக்கியம். உரையாசிரியர் இன்றிப் படித்தல் அரிது. ‘இன்னாருடையது’ என்பதற்கும் ‘இன்னாருடையதெனக் கருதப்படுவது’ என்பதற்கும் பொருள் வேறு. ‘இன்னார் வட்டத்தது’, ‘இன்னார் வழியது’, ‘இன்னாரைப் பார்த்து எழுதியது’ என இறங்கிச் செல்லுந்தோறும் விலை பன்மடங்கு குறையும். படம் மாறுவதில்லை, பெயர்க்கு முன்னும் பின்னும் உள்ள சொல்லே மாறுகின்றது. அசையாப் பொருளோவியத்தில் இத்தொல்லை மிகுதி. முகமோ, ஆடையோ, நிகழ்ச்சியோ இல்லாமையால் ஒருவர் எழுதிய குடத்தை மற்றொருவர் குடத்தினின்றும் பிரித்தறிதல் எளிதன்று. வான்கோ எழுதிய சூரியகாந்தி மலர்களுள் ஒன்று 1987இல் இலண்டனிலே 247½ இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. பத்தாண்டுகளின் பின் அஃது அவர் கைப்படியன்று என்று சிலர் எழுந்து வாதிட்டனர். அவருடையதே என ஆய்வாளர் பின்னர் நிறுவினர். அவ்வாதம் நடந்த காலத்தில் மலர்கள் வாடவுமில்லை, புதிதாய் மலரவுமில்லை.

ஏல விலை யார்க்குச் செல்கின்றது என்பது வேறொரு வினா. தேயிலை ஏலத்தில் உயர்ந்த விலையின் பயன் கொழுந்து கிள்ளிய விரலுக்கு எவ்வளவு எட்டியது என்பது மலையகத்தார் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுவரும் கேள்வி. ஓவியனும் அதையே கேட்டான். முதன்முறை சொற்ப விலைக்கு விற்ற படம் கைமாறிக் கைமாறிப் பேராயம் ஈட்டும்போது எழுதியவன் குடும்பம் வறுமையில் உழலல் முறையோ என்று கேட்டுப் பிரான்சு 1920இல் மறுவிற்பனைப் பங்குரிமையைச் சட்டமாக்கிற்று. பிரித்தானியா 2006ஆம் ஆண்டிலேதான் அதனை ஏற்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994ஆம் ஆண்டின் திருத்தத்தால் இவ்வுரிமை இடம்பெற்றது. தேயிலை பருகியதோடு தீர்ந்துபோகும். ஓவியமோ மீண்டும் மீண்டும் ஏலமேறும். ஆதலின் இவ்வுரிமை அங்கு இன்றியமையாதது என்பது எம் கருத்து.

நம் மரபில் இவ்வகை ஓவியம் வளராமை பற்றி வருந்துவோர் உளர். வாயிலில் நிறைகுடம் வைக்கும் தாயர் மாவிலையின் பசுமைக்கும் தேங்காயின் கபில நிறத்துக்கும் இடமறிந்தே வைக்கின்றனர். குத்துவிளக்கும் வெற்றிலையும் வாழைப்பழமும் எங்கே அமையவேண்டும் என்பதில் அவர் கண் பிழைப்பதில்லை. சடங்கு முடிந்ததும் அனைத்தும் கலைக்கப்படும். கலைப்பதற்கென்றே அடுக்கியதை எவரும் ஏலத்திற் கூற இயலாது. பாடசாலையிற் பானையும் பழமும் வரையும் நம் மாணவரின் தாள்களும் அவ்வாறே மறைகின்றன.

இலங்கையில் 1943ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய நாற்பத்துமூன்றின் குழுவினர் இவ்வழியிலும் கைவைத்தனர். அவருள் ஜோர்ஜ் கீற் (1901-1993) படைப்புகள் இலண்டன், மும்பாய் ஏலங்களில் அடிக்கடி தோன்றுகின்றன. பட்டியல்களிற் பெரிதும் காணப்படுவன அவருடைய பெண்ணுருவங்களும் கண்ணன் காட்சிகளுமே. 1930ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய அசையாப் பொருளோவியங்களில் உள்ள அடக்கத்தை யாம் அவற்றினும் மேலாக மதிக்கின்றோம், ஏலத்தார் உடன்படார். அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் தம் தோழர்களின் ஓவியங்களைத் தம் கொழும்பு இல்லத்திற் பேணி, 1974இல் சபுமல் நிறுவனமாக்கினார். தோழமையாற் சேர்ந்த தொகுதி அது. ஏலத்தில் அதுபோல் ஒன்றைத் திரட்டப் பணம் மட்டும் போதாது. யாழ்ப்பாணத்திலோ, எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகம் கண்டு வளர்த்த மரபிற்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. ஓவியர் அ. மாற்கு 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தம் ஆக்கங்கள் பலவற்றை இழந்தார். எவர் எழுதியது, எவரிடமிருந்து எவர்க்குச் சென்றது என்னும் வரலாற்றுத் தொடரையே ஏலம் முதலிற் கேட்கும். ஊரும் வீடும் குலைந்த இடத்தில் அத்தொடரைக் காட்டுவார் யார்?

1975ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், தெமோதரைக்கு அண்மையிலிருந்த துரை பங்களா ஒன்றின் தட்டுமுட்டுகள் வாயிற்புறத்தில் ஏலம் விடப்பட்டதை எம் உறவினராகிய முதியவர் ஒருவர் கூறக் கேட்டுள்ளோம். கண்ணாடி அலமாரிக்குப் போட்டி மிகுந்ததாம். உணவறையில் தொங்கிய படம் ஒன்றை, அதன் தேக்குச் சட்டத்துக்காகத் தச்சர் ஒருவர் சில ரூபாவுக்கு எடுத்தார். நீலச் சாடியும் பிளந்த மாதுளையும் எழுதிய துணியைக் கழற்றிக் கோழிக்கூட்டின் மேல் விரித்துவிட்டு, சட்டத்திற் சரசுவதி படத்தை மாட்டினார். ஓவியத்தின் மூலையில் எழுதியவர் பெயர் இருந்ததா என்று முதியவரைக் கேட்டோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, மாதுளையின் நிறத்தைக் கூறலானார்.