யௌசௌ மேடைப் பாடல்: ஏமாற்றமும் காலமும்

சீனத் தாங் காலக் கவிஞர் சென் சு-ஆங் பாடிய யௌசௌ மேடைப் பாடல் நான்கடியும் 22 எழுத்துகளுமே உடையது. கி.பி. 696இல் கித்தானியர்மீது படைநடத்திய வூ யௌயியிடம் இவர் கூறிய போர் அறிவுரை ஏற்கப்படவில்லை, பதவியும் தாழ்த்தப்பட்டது. ஆதலின் பாடலில் சுட்டப்பெறும் பழையோரைத் திறனறிந்து போற்றிய யென் நாட்டு மன்னன் சாவ் முதலியோர் எனக் கொள்வர். அம்மன்னனை இவரே பிறிதொரு பாடலிலும் நினைவுகூர்கிறார். எனினும் இப்பாடலில் மன்னர் என்னும் சொல்லே இல்லை என்பதை மறத்தலாகாது.

இதனைக் காஞ்சித்திணையோடு ஒப்பிட்டு நிலையாமை கூறும் பாடல் எனல் எளிது, ஆயின் பொருந்துவதன்று. தொல்காப்பியர் காஞ்சிக்கு உரைப்பது நில்லா உலகம். இங்கோ உலகம் நெடிது நிற்கிறது. மனிதன்தான் தனக்குரிய காலத்தைத் தவறவிட்டு இடையில் வந்து நிற்கிறான். ஏமாற்றம் என்பது இதுவே.

தமிழாக்குவோர்க்கு இடர் வினைமுற்றில் உள்ளது. மூலத்தில் எழுவாய் இல்லை; வினை இடம் காட்டுவதுமில்லை. ஈற்றடியில் 'தனித்து' எனப் பொருள்படும் சொல் வரும்வரை அங்கு ஒருவர் நிற்பதே புலனாகாது. முதலடியிலேயே 'காணேன்' என்றால் அவ்வமைதி கெடும். 'காணோம்' என்னும் பேச்சு வழக்கு ஒருவாறு நெருங்கிவரும். செய்யுள் நடைதான் அதனை எளிதில் ஏற்பதில்லை.