பூட்டிய மாடிக்குத்தான் கேமரா வேண்டும்

வெர்சாய் அரண்மனையின் மெய்நிகர் உலாவை கூகுள் 2019-ல் வெளியிட்டது. கண்ணாடி மண்டபத்தில் கூட்டமே இல்லாமல், லெ ப்ரன் வரைந்த விதானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிரமாதம்தான். ஆனா பதினான்காம் லூயி அங்கே எந்தப் போரில், யாரை ஜெயிக்கிறார்னு ஒருத்தர் உட்கார்ந்து சொல்லாவிட்டால் அது அழகான வால்பேப்பர், அவ்வளவே. அருங்காட்சியகப் பேச்சுகளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எங்க கங்கைகொண்டானிலிருந்து நாங்குநேரி, ஆரல்வாய்மொழி வழியாகப் போனால் பத்மநாபபுரம். மார்த்தாண்ட வர்மர் 1750 வாக்கில் புதுப்பித்த அரண்மனை. இருப்பது குமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. (இந்த எல்லைக் கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்.) டிக்கெட் எடுத்தவர் பளபளக்கும் கருந்தரையையும் மரவேலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். உப்பிரிக்க மாளிகையின் மேல்தளத்தில், மன்னர் வழிபட்ட அறையின் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. அங்கே பார்வையாளருக்கு அனுமதி இல்லை.

அதைக் குறை சொல்லமாட்டேன். தினமும் நூற்றுக்கணக்கானோரின் மூச்சு ஈரத்தை அந்தச் சுவர் தாங்காது. அதனால்தான் டிஜிட்டல் இங்கே அவசியம். நாம மென்பொருள்காரங்க பெரும்பாலும் என்ன செய்கிறோம்? எல்லோரும் காலால் நடந்து பார்க்கிற முற்றத்தையே 360 டிகிரியில் சுற்றிக் காட்டுகிறோம்.

சுவர் சுவராகப் படம் எடுத்து, ஒவ்வொரு உருவமும் யார்னு தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கீழ்த்தளத்தில் ஒரு புரொஜெக்டர் வைத்து மாசம் ஒருமுறை பேசினால் போதும். ஹெட்செட் அப்புறம் வரட்டும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. படம் எடுக்க அந்த நாளே இருக்கிறதே.